முதலாம் வகுப்பும் கடைசிப் பெட்டியும்

கொழும்புக் கோட்டையிலிருந்து காங்கேசன்துறை வரை செல்லும் நகர்சேர் கடுகதிப் புகையிரதத்தின் குளிரூட்டப்பட்ட முதலாம் வகுப்பில் பயணம் செய்துவிட்டு வருபவர்கள் என்னிடம் அடிக்கடி கூறும் வாசகம் ஒன்று உண்டு. "விமானத்தில் பிசினஸ் கிளாஸில் வந்தது போல இருந்தது" என்பதே அது. லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் விடுமுறைக்கு வரும் உறவினர்கள் அதைச் சொல்கிறார்கள். கருத்தரங்குகளுக்கும் கூட்டங்களுக்கும் யாழ்ப்பாணம் போய்வரும் கொழும்பு நண்பர்களும் அதையே சொல்கிறார்கள். பாராட்டு நியாயமானதுதான். இருபத்து நான்கு வருடங்கள் புகையிரதமே காணாத ஒரு குடாநாட்டுக்கு இன்று குளிர்சாதனப் பெட்டியில் உறங்கிக்கொண்டே போய்விட முடிகிறது என்பது சாதாரண விடயமல்ல. ஆனால், அந்தப் பாராட்டுக்குப் பின்னால் கேட்கப்படாத கேள்வி ஒன்று நிற்கிறது. இந்தப் புகையிரதம் யாருக்காக ஓடுகிறது என்பதுதான் அக்கேள்வி.

அதற்கு விடை தேடுவதற்கு இந்தப் பாதையின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இலங்கையின் முதலாவது புகையிரதம் 1864 ஆம் ஆண்டு டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடியது. பின்னர் பாதை மலையகத்தை நோக்கி நீண்டதற்குக் காரணம் கோப்பி. அதன் பிறகு தேயிலை. பெருந்தோட்டங்களின் விளைபொருளைத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதே ஆங்கிலேயரின் நோக்கமாக இருந்தது. வடக்கில் அப்படிப்பட்ட பெருந்தோட்டச் செல்வம் எதுவும் இருக்கவில்லை. எனவே வடக்குப் பாதை பல தசாப்தங்கள் பிந்தியே வந்தது. காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையிலான பகுதி 1902 இல் திறக்கப்பட்டது. கொழும்புடனான முழுமையான இணைப்பு 1905 இல்தான் கிடைத்தது. அதுவரை வன்னிக் காட்டுப் பாதையில் மாட்டு வண்டியிலோ அல்லது கடல் வழியாகவோதான் யாழ்ப்பாணத்தவர்கள் தெற்கே போய்வந்தார்கள்.

மலையகப் பாதை தேயிலையை ஏற்றியது என்றால், வடக்குப் பாதை மனிதர்களை ஏற்றியது எனலாம். ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாண இளைஞர்கள் எழுதுவினைஞர்களாகவும், நிலைய அதிபர்களாகவும், ஆசிரியர்களாகவும் தெற்கு நோக்கிப் புறப்பட்டார்கள். மாத முடிவில் அவர்களது சம்பளம் காசுக்கட்டளையாக ஊருக்குத் திரும்பியது. 'மணியோடர் பொருளாதாரம்' என்று நமது அறிஞர்கள் குறிப்பிடும் அந்த வாழ்க்கை முறையைத் தாங்கி நின்றவை தண்டவாளங்களே. 'வொறன்ட்' என்று பேச்சு வழக்கில் சொல்லப்படும் இலவசப் பயண ஆணைச்சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பண்டிகைக்கும் திருவிழாவுக்கும் குடும்பம் குடும்பமாக ஊர் திரும்பிய அரசாங்க உத்தியோகத்தர்களின் பிள்ளைகள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் பலரே இன்று முதலாம் வகுப்பு ஆசனத்தை வெளிநாட்டிலிருந்து முற்பதிவு செய்கிறார்கள்.

யாழ்தேவி தனது முதற் பயணத்தைத் தொடங்கியது 1956 ஆம் ஆண்டு ஏப்ரல் 23 ஆந் திகதி. இந்தத் திகதியை நான் எப்போதும் இன்னொரு நிகழ்வுடன் சேர்த்தே நினைப்பதுண்டு. யாழ்தேவி ஓடத் தொடங்கி இரண்டு மாதங்கள் நிறைவடைவதற்கு முன்பாகவே, அதே ஆண்டு ஜூனில், தனிச் சிங்களச் சட்டம் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. தமிழ் உத்தியோகத்தர்களைத் தலைநகருக்கு விரைவாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குப் புதிய புகையிரதம் ஒன்று வந்த அதே வேளையில், அவர்கள் போய்ச் சேரவேண்டிய அலுவலகங்களின் கதவுகள் மூடப்படத் தொடங்கின. பாதை திறந்திருப்பது வேறு, அந்தப் பாதை போய்ச் சேரும் இடம் திறந்திருப்பது வேறு என்பதை எமது மக்கள் அப்போதே கற்றுக்கொண்டார்கள்.

பிறகு நடந்தவற்றை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. 1985 ஜனவரியில் முறிகண்டிக்கு அருகில் யாழ்தேவி குண்டுவெடிப்புக்கு இலக்கானபோது படையினருடன் பொதுமக்களும் உயிரிழந்தனர். 1990 ஜூன் 13 ஆந் திகதியுடன் யாழ்ப்பாணத்துக்கான சேவை முற்றாக நின்றுபோனது. தண்டவாளங்கள் கழற்றப்பட்டன. சிலிப்பர் கட்டைகள் பதுங்குகுழிகளுக்குப் போயின. யாழ்ப்பாண நிலையம் கூரையற்ற சுவர்களாக நின்றது. பாதையின் தடமே தெரியாதபடி பற்றை வளர்ந்த இடங்களும் உண்டு. யாழ்தேவி என்ற பெயர் மட்டும் தொடர்ந்து பாவனையில் இருந்தது. அந்தப் பெயரைக் கொண்ட புகையிரதம் நீண்டகாலம் வவுனியாவுடன் திரும்பிச் சென்றது.

போர் முடிந்த பின்னர் இந்தியக் கடனுதவியுடன் இந்திய அரசுத்துறை நிறுவனமான இர்கோன் பாதையை மீள அமைத்தது. 2011 இல் ஓமந்தை, 2013 இல் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை என்று படிப்படியாக முன்னேறிய புகையிரதம், 2014 ஒக்ரோபர் 13 ஆந் திகதி யாழ்ப்பாணத்தை அடைந்தது. 2015 ஜனவரி 2 ஆந் திகதி காங்கேசன்துறை வரை போனது. தேர்தல் காலத்தை ஒட்டி வந்த திறப்பு விழாக்கள் என்பதால் அவற்றின் அரசியல் குறித்து அப்போது நிறையவே எழுதப்பட்டது. ஆனால், சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் வீதியோரம் நின்று புகையிரதத்துக்குக் கைகாட்டிய மக்களின் மகிழ்ச்சியில் எந்த அரசியலும் இருக்கவில்லை. அதுவரை புகையிரதத்தைப் படத்தில் மாத்திரமே பார்த்திருந்த ஒரு தலைமுறை அங்கே வளர்ந்திருந்தது.

மாஹோவுக்கும் ஓமந்தைக்கும் இடையிலான 128 கிலோமீற்றர் பழைய பாதை மட்டும் நீண்டகாலம் திருத்தப்படாமலேயே இருந்தது. அதைப் புனரமைப்பதற்காக 2023, 2024 ஆம் ஆண்டுகளில் பாதை பகுதி பகுதியாக மூடப்பட்டது. 2024 ஒக்ரோபர் இறுதியில் கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்கான சேவை மீண்டும் தொடங்கியது. மேலே நான் குறிப்பிட்ட 'பிசினஸ் கிளாஸ்' பாராட்டுகள் பெரும்பாலும் அதற்குப் பின்னர் வந்தவையே.

2025 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஓர் அலுவலாக யாழ்ப்பாணம் போகவேண்டியிருந்தபோது நானும் அந்த முதலாம் வகுப்பில்தான் போனேன். அகலமான ஆசனம், காலை நீட்ட இடம், சத்தம் குறைந்த பெட்டி. வெயில் ஏறத் தொடங்கியதும் திரைச்சீலைகளை இழுத்துவிட்டுப் பலரும் உறங்கிப்போனார்கள். விழித்திருந்தவர்கள் கைத்தொலைபேசிகளில் மூழ்கியிருந்தார்கள். மதவாச்சி கடந்து வவுனியா, புளியங்குளம், மாங்குளம் என்று நிலையங்கள் பின்னோக்கி ஓடின. மூடப்பட்ட கண்ணாடிக்கு வெளியே வன்னி ஒலியில்லாத சினிமாப்படம் போலத் தெரிந்தது. எனக்குப் பக்கத்து ஆசனத்தில் கனடாவிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் இருந்தார். நாற்பது வருடங்களின் பின்னர் முதற்தடவையாக ஊருக்குப் போவதாகச் சொன்னார். "இப்ப எந்த இடம் போகுது?" என்று அவர் என்னிடம் இரண்டு தடவை கேட்டார். முன்பெல்லாம் யன்னலால் எட்டிப் பார்த்தும், விற்பனைக்கு வருபவர்களின் குரலைக் கேட்டும் தாம் இடத்தை அறிந்துகொண்டதாகவும் கூறினார்.

கால்களைச் சற்று நிமிர்த்திக்கொள்வதற்காக எழுந்து பின்புறப் பெட்டிகளை நோக்கி நடந்தேன். இரண்டாம் வகுப்பைத் தாண்டி மூன்றாம் வகுப்புக்கு வந்தபோது யன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. காற்றோடு தூசியும் வந்தது. பல்கலைக்கழக மாணவர்கள், விடுமுறையில் போகும் கடை ஊழியர்கள், கைக்குழந்தையோடு ஒரு தாய். ஓரமாக ஒரு வயோதிப மாது மடியில் ஒரு பொலித்தீன் பையை இறுகப் பிடித்தபடி இருந்தார். அதற்குள் வைத்தியசாலைக் கோப்பு ஒன்றின் மட்டை தெரிந்தது. ஆசனத்தில் சற்று நகர்ந்து, "இருங்கோ தம்பி" என்று இடம் தந்தார்.

கிளிநொச்சிப் பக்கத்தைச் சேர்ந்தவர். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வருகிறார்.

"முந்தி இரவு மெயில் கோச்சியில போவன் தம்பி. விடியக் கோட்டையில இறங்கலாம். அங்கயிருந்து பஸ்ஸில போய்க் காட்டிப்போட்டு, அண்டைக்கு இரவே திரும்பி ஏறிடலாம். கொழும்பில தங்க எங்களுக்கு ஆர் இருக்கினம்?" என்றார்.

பாதை மூடப்பட்டிருந்த காலத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"பஸ்ஸிலதான். மருந்து ஏத்தின உடம்பு, அவ்வளவு நேரம் இருக்கேலாது. ரண்டு தரம் போகாமலே விட்டிட்டன்."

பிறகு அவர் என்னைப் பார்த்து, "நீங்கள் முன்னுக்கு ஏசிப் பெட்டியிலயோ வந்தனீங்கள்? எவ்வளவு எடுத்தவங்கள்?" என்று விசாரித்தார். சொன்னேன். அவர் எதுவும் பேசவில்லை. சிறிது நேரம் விரல்களை மடித்து ஏதோ கணக்குப் பார்த்துவிட்டு, "அந்தக் காசுக்கு நான் போட்டும் வந்திடுவன்" என்றார். அதில் பொறாமையோ குறையோ இருக்கவில்லை. சந்தையில் விலை கேட்டறிவது போன்ற சாதாரணப் பேச்சு அது.

இந்தப் புகையிரதம் யாருக்காக ஓடுகிறது என்ற கேள்விக்கான விடையின் பெரும்பகுதி அந்தப் பொலித்தீன் பைக்குள் இருந்தது. முதலாம் வகுப்புப் பயணிக்குப் புகையிரதம் ஒரு தெரிவு மட்டுமே. அது ஓடாத நாளில் அவர் வாடகைக்கு வான் பிடித்துப் போவார், அல்லது சொகுசு பஸ்ஸில் ஆசனம் பதிவுசெய்வார். மூன்றாம் வகுப்புப் பயணிக்கு அந்தத் தெரிவு இல்லை. சேவை நின்றால் அவரது பயணமே நின்றுபோகிறது. அந்த அம்மாவைப் பொறுத்தவரை நின்றுபோனது சிகிச்சை.

முதலாம் வகுப்பே கூடாது என்று வாதிடுவது எனது நோக்கமல்ல. தென்னாபிரிக்காவில் முதலாம் வகுப்புச் சீட்டுடன் இருந்த காந்தியை 1893 இல் பீற்றர்மரிற்ஸ்பேர்க் நிலையத்தில் இறக்கிவிட்ட சம்பவம் எல்லோரும் அறிந்தது. அதே காந்தி பின்னாளில் இந்தியாவில் மூன்றாம் வகுப்பில் பயணம் செய்து, அங்குள்ள அவல நிலைமைகளைப் பற்றி 1917 இல் எழுதினார். முதலாவது சம்பவம் உரிமை பற்றியது. இரண்டாவது பொறுப்பு பற்றியது. பணம் கொடுத்துச் சீட்டு வாங்கிய எவரும் எந்தப் பெட்டியிலும் அமரலாம் என்பது உரிமை. அந்தப் பணம் இல்லாதவருக்கும் மனிதருக்குரிய பயணம் கிடைக்க வேண்டும் என்பது அரசின் பொறுப்பு. எமது நாட்டில் முதலாவதைப் பற்றிய பேச்சு அதிகம். இரண்டாவதைப் பற்றிய பேச்சு குறைவு.

புகையிரதத் திணைக்களம் நட்டத்தில் இயங்குகிறது, எனவே வருமானம் தரும் சொகுசு வகுப்புகளைக் கூட்டவேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். நியாயமான வாதம்தான். உலகின் பல நாடுகளில் முன்பெட்டியின் கட்டணம் பின்பெட்டியின் சுமையைத் தாங்க உதவுகிறது. இங்கும் அவ்வாறே நடக்குமானால் அதை வரவேற்கும் முதல் ஆளாக நான் இருப்பேன். ஆனால், நிபந்தனை ஒன்று உண்டு. சொகுசுப் பெட்டி ஒன்று சேர்க்கப்படும்போது மூன்றாம் வகுப்புப் பெட்டி ஒன்று குறைக்கப்படக்கூடாது. புதிய கடுகதி ஒன்று அறிவிக்கப்படும்போது பழைய மெதுவான புகையிரதம் ஒன்று சத்தமின்றி அட்டவணையிலிருந்து மறைந்துவிடக்கூடாது. பொல்காவலைக்கு வடக்கே பெரும்பாலும் ஒற்றைப் பாதையே இருக்கிறது. அதில் ஒரு புகையிரதத்துக்கு வழிவிட இன்னொன்று நிலையத்தில் காத்துநிற்க வேண்டும். எது முன்னே போவது, எது காத்துநிற்பது என்பதை நேரசூசி தயாரிப்பவர் தீர்மானிக்கிறார். யாருடைய நேரம் பெறுமதியானது என்ற தீர்மானமும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

வடக்கில் இந்தக் கேள்விக்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. முன்பு இந்தப் பாதை யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்காக ஓடியது. அவர்கள் போனார்கள், திரும்பி வந்தார்கள். இன்று முன்பெட்டிகளில் வருபவர்களில் பெரும்பாலோர் பார்வையிட வருபவர்கள். பத்து நாட்கள் தங்கி, கோயிலுக்குப் போய், பழைய வீட்டின் வேலியை அடைத்துவிட்டுத் திரும்புபவர்கள். அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. எமது சரித்திரம் அவர்களை அவ்வாறு ஆக்கியது. ஆனால், கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2004 இல் ஒன்பது பாராளுமன்ற ஆசனங்கள் இருந்தன. 2015 இல் ஏழு. 2024 தேர்தலில் ஆறு. வாக்காளர் எண்ணிக்கையைக் கொண்டு நிர்ணயிக்கப்படும் இந்த எண் சொல்வது ஒன்றைத்தான். விருந்தாளிகள் கூடுகிறார்கள், வீட்டுக்காரர் குறைகிறார்கள். விருந்தாளிகளின் வசதியை மாத்திரம் கவனிக்கும் புகையிரதம் இந்தப் போக்கைத் தடுக்கப்போவதில்லை.

ஊரில் இருப்பவர்கள் ஊரிலேயே இருந்து உழைத்து வாழ்வதற்குப் புகையிரதம் என்ன செய்யலாம் என்று யோசித்தால், செய்யக்கூடியவை பல உண்டு. முன்னொரு காலத்தில் காங்கேசன்துறைச் சீமெந்தும், யாழ்ப்பாணத்து வெங்காயமும், சுருட்டும், மாம்பழமும் இந்தப் பாதையால்தான் தெற்கே போயின. இன்று விவசாயியின் விளைபொருள் லொறியில் ஏறுகிறது. லொறிக் கூலியும் இடைத்தரகும் போக மிஞ்சுவதே அவருக்கு. மாலையில் ஏற்றிய மரக்கறியும் மீனும் அதிகாலையில் கொழும்புச் சந்தையை அடையக்கூடிய விதத்தில், நியாயமான கட்டணத்துடன், குளிரூட்டப்பட்ட பொதிப்பெட்டி ஒன்று இணைக்கப்படுமானால் அதன் பயன் பல நூறு குடும்பங்களுக்குக் கிடைக்கும். குளிர்சாதனம் மனிதர்களுக்கு மட்டுந்தான் தேவை என்பதில்லை.

இரண்டாவது, குறுந்தூரச் சேவைகள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகியது. மாணவர்களும் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் நாள்தோறும் வடக்கிற்குள்ளேயே போய்வருகிறார்கள். அவர்களுக்குத் தேவை கொழும்பை ஆறு மணித்தியாலத்தில் அடைவது அல்ல. காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போய்ச் சேர்வதும் மாலையில் வீடு திரும்புவதுமே.

மூன்றாவது, பாதுகாப்பற்ற கடவைகள். புதிய பாதையில் வேகமாக வரும் புகையிரதம் வடக்கின் கிராமத்து ஒழுங்கைகளை ஊடறுத்துச் செல்கிறது. இருபத்து நான்கு வருடங்கள் புகையிரதமே வராத ஒழுங்கைகள் அவை. அங்கு நிகழ்ந்த மரணங்களைச் செய்தியாக எழுதி எழுதி எமக்குக் கை சலித்துவிட்டது. அந்தக் கடவைகளில் காவல் இருப்பவர்கள் மிகச் சொற்பக் கொடுப்பனவுக்கு வேலை செய்துகொண்டு, தம்மை நிரந்தரமாக்குமாறு பல வருடங்கள் போராடினார்கள். முன்பெட்டியில் உறங்கும் பயணி பத்திரமாகப் போய்ச் சேர்வது, வெயிலில் ஒரு குடிசையின் வாசலில் நிற்கும் அந்த மனிதரின் விழிப்பிலும் தங்கியிருக்கிறது.

நான்காவதாக ஒன்றையும் சொல்லவேண்டும். போரில் கால்களை இழந்தவர்கள் அதிகமாக வாழும் பிரதேசத்தினூடாக இந்தப் பாதை செல்கிறது. சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் இன்னொருவரின் தோளைப் பிடிக்காமல் மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குள் ஏறக்கூடியதாக இருக்க வேண்டும். சொகுசு என்ற சொல்லுக்கு வடக்கில் பொருள் தேடுவதாயின் முதலில் அங்கேதான் தேட வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் நாடெங்கும் புகையிரதப் பாதைகளைச் சிதைத்தது. வடக்குப் பாதையும் அதற்குத் தப்பவில்லை. பல தசாப்தங்களாகக் கட்டியெழுப்பியவை ஓரிரு நாட்களில் நீரில் போனதைக் கண்டோம். இத்தகைய அழிவுக்குப் பின்னர் எல்லாவற்றையும் ஒரே நாளில் மீட்க முடியாது. எதை முதலில் மீட்பது என்ற முடிவை எடுத்தே ஆகவேண்டும். சுற்றுலாப் பயணியைக் கவரும் கடுகதியா, அல்லது நோயாளியையும் மாணவரையும் சிறு வியாபாரியையும் ஏற்றும் இரவுத் தபால் புகையிரதமா? இரண்டும் வேண்டும் என்பதே பதில். ஆனால், ஒன்றைத்தான் முதலில் ஓட்டமுடியும் என்ற நிலை வருமாயின், தபால் புகையிரதமே முதலில் ஓட வேண்டும்.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் குரலுக்கு இங்கே செவிசாய்க்கிறார்கள். நீங்கள் கொண்டுவரும் அந்நியச் செலாவணி அதற்குக் காரணமாக இருக்கலாம். முதலாம் வகுப்பின் திரைச்சீலை பற்றியும் உணவு பற்றியும் நீங்கள் எழுதும் கருத்துகளை அதிகாரிகள் படிக்கிறார்கள். அந்தக் கருத்துகளோடு, இரவுத் தபால் புகையிரதத்தில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளைக் கூட்டுங்கள் என்ற ஒரு வரியையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த முறை வரும்போது சௌகரியமான ஆசனத்திலேயே வாருங்கள், அதற்கு உங்களுக்குப் பூரண உரிமை உண்டு. வவுனியா கடந்ததும் ஒரு பத்து நிமிடம் எழுந்து பின்பெட்டி வரை நடந்து பாருங்கள். யன்னல் திறந்திருக்கும். எந்த இடம் போகிறது என்று யாரிடமும் கேட்கவேண்டியிராது.